கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஏன் ஓடினோம்

கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் எனக்குப் பல வருடங்கள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள் கவிதா. நான் பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, நம்ம பழைய மெஷினக் கழட்டிட்டாங்க. புதுசு வருது. பேஷண்டுங்களுக்குத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதித் தாங்க. கதிர்னா என்ன, துகள்னா என்ன, எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேணாம். நீங்கதான் வீட்டுல சும்மா இருக்கீங்களே."

"சும்மா இருக்கேன்னு யாரு சொன்னா?"

"அண்ணிதான்."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காதது நிறைய மிஞ்சியது. எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. துகள்களை ஒரு பக்கமும் விசைகளை இன்னொரு பக்கமும் எழுதி, நடுவில் கோடு போட்டேன். ஆனால் போட்ட கோடு நிற்கவில்லை. எலக்ட்ரானை எழுதினால் புஷ்பா என்ற பழைய நோயாளி நினைவில் வந்தாள். மெலிய விசையை எழுதினாலும் அவளே வந்தாள். ஆகவே இந்தக் கட்டுரையில் இயற்பியலும் அவளும் சேர்ந்தே வருவார்கள். எனக்கே இன்னும் விளங்காத இடங்களை விளங்கவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

மலேசியாவில், சிகாமட்டில் பள்ளிப்படிப்பு, கோலாலம்பூரில் டிப்ளோமா, பிறகு ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை. என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. இயற்பியல் தேர்வில் மனப்பாடம் செய்துதான் தேறினேன். படித்தது என்னவென்று புரிய ஆரம்பித்தது, புவான் ரோஹானாவின் கீழ் வேலை செய்தபோதுதான்.

'புவான்' என்றால் மலாயில் 'திருமதி'. அவர் எங்கள் பிரிவின் மருத்துவ இயற்பியலாளர். இயந்திரத்திலிருந்து எவ்வளவு கதிர் வெளிவருகிறது என்பதற்கு அவரே பொறுப்பு. சிறிய உருவம், மெல்லிய குரல். எங்களோடு மலாயில் பேசுவார்; எண்கள் வந்துவிட்டால் தன்னையறியாமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். 'கொஞ்சம்', 'ஏறக்குறைய' என்ற சொற்கள் அவர் காதில் விழக்கூடாது. "படுக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கு, புவான்" என்றால் உடனே "பெராப்பா?" என்பார். எவ்வளவு? அளந்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம் பேச முடியும். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு அவர் கோபப்பட்டிருந்தாலே தேவலை.

காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே இயந்திரத்தைச் சூடேற்ற வேண்டும். சுவரிலிருந்து வரும் சிவப்பு லேசர் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைப் போலவே கதிரை உறிஞ்சும் ஒரு பிளாஸ்டிக் பாளத்தை வைத்து, வெளிவரும் கதிரின் அளவைச் சரிபார்க்க வேண்டும். பிறகு கதவு. கதிர் பாயும்போது கதவைத் திறந்தால் இயந்திரம் அந்தக் கணமே நிற்க வேண்டும். நின்றாலும் புவான் ரோஹானா மறுபடி ஒருமுறை திறந்து பார்ப்பார்.

அறையைவிட்டு வெளியேறுவதற்கும் ஒரு முறை உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, உடலில் குறித்த புள்ளிகளை லேசர் கோடுகளோடு பொருத்திய பின் எல்லோரும் வெளியேறுவோம். கடைசியாக வருபவர் அறையைத் திரும்பிப் பார்த்து, வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உட்சுவரில் உள்ள ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மணி ஒலிக்கும். மணி ஓய்வதற்குள் வளைந்து செல்லும் நடையைக் கடந்து கதவைச் சாத்தியாக வேண்டும். தாமதித்தால் இயந்திரம் இயங்காது. மறுபடி உள்ளே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நாங்கள் எப்போதும் வேகமாகத்தான் வெளியே வருவோம். படுத்திருப்பவர் கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியும்.

அந்த அறைக்குள் நடப்பதைச் சொன்னால் அடிப்படைத் துகள்களில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணுவின் நடுவே ஒரு கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள். கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும். அவற்றுக்குள் குவார்க்குகள். புரோட்டானில் இரண்டு மேல் குவார்க்கும் ஒரு கீழ் குவார்க்கும். நியூட்ரானில் இரண்டு கீழ், ஒரு மேல். மேல், கீழ் என்பது வெறும் பெயர்தான். எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். குவார்க்கையும் எலக்ட்ரானையும் இதற்கு மேல் உடைக்க முடிந்ததாக இதுவரை தெரியவில்லை. அதனால்தான் 'அடிப்படை' என்கிறார்கள்.

குவார்க்குகளைச் சேர்த்துக் கட்டிவைப்பது வலிய விசை. அந்தக் கட்டைச் சுமக்கும் துகளுக்குக் குளுவான் என்று பெயர். இங்கே எனக்கு முதல் குழப்பம். மூன்று குவார்க்குகளின் எடையைக் கூட்டினால் புரோட்டானின் எடையில் மிகச் சிறிய பங்குதான் வருகிறதாம். மீதியெல்லாம் அந்தக் கட்டின் ஆற்றல். அப்படியானால் நான் தராசில் ஏறி நிற்கும்போது தராசு காட்டுவது என்னையா, கட்டையா என்று புவான் ரோஹானாவிடம் கேட்டேன். "பெரும்பாலும் அந்தக் கட்டைத்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் இயந்திரம் வலிய விசையோடு விளையாடுவதில்லை. அது மின்காந்த விசையின் இயந்திரம். ஒரு முனையில் உள்ள சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். மின்காந்த அலை ஒன்று அவற்றை உந்தித் தள்ளி, ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகும். அந்த ஓட்டத்திலேயே அவை ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதும். சட்டென்று தடைபடும் எலக்ட்ரான் தன் வேகத்தை ஃபோட்டானாக உதறிவிடும். ஃபோட்டான் என்றால் ஒளித்துகள். விளக்கிலிருந்து வருவதும் அதே வகைதான். எங்களுடையதற்கு ஆற்றல் மிக அதிகம். அது உடலுக்குள் புகுந்து அங்குள்ள எலக்ட்ரான்களைத் தட்டிக் கிளப்பும். அவை புற்று உயிரணுக்களைச் சிதைக்கும்.

ஈர்ப்பு விசைக்கு எங்கள் அறையில் ஒரே ஒரு வேலைதான்: நோயாளியின் எடையால் படுக்கையைச் சற்றே தாழ்த்துவது. எவ்வளவு தாழ்கிறது என்று புவான் ரோஹானா அளந்துவைத்திருந்தார். நான்கு விசைகளில் இதுதான் மிகமிகப் பலவீனமானது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் ஒரு சிறு காந்தம் முழுப் பூமியின் இழுப்பையும் எதிர்த்து நிற்கிறதே. இதைக் கேட்டபோது தலையாட்டினேன். மாடிப்படி ஏறும்போது நம்ப முடியவில்லை.

நான்காவது மெலிய விசை. அதைப் பற்றி எனக்குத் தெளிவாக எதுவும் தெரியாமல் இருந்த காலத்தில்தான் புஷ்பா வந்தாள்.

கூலாயிலிருந்து வந்தாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். கணவன் குமரன் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். கைக்குழந்தை ஒன்று, தர்ஷன். பிள்ளை பிறந்து சில மாதங்களில் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று இருப்பது தெரிந்தது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் கதிர்ச் சிகிச்சை. நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்பதை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

வாய்த்துடுக்கானவள். முதல் வாரத்திலேயே கேட்டாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றீங்க. அப்புறம் நீங்க மட்டும் ஏன் கதவச் சாத்திட்டு ஓடுறீங்க?"

எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். "உனக்கு இது மருந்தும்மா. எனக்கு நோயில்லையே. நாள் முழுக்க வர்ற எல்லாரோட மருந்தையும் நானே குடிச்சா என் கதி என்ன?"

"ஓ, பயம்தான். அதச் சொல்லுங்க லா."

இரண்டாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். காத்திருக்கும் இடத்தில் குமரன் பிள்ளையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். அவள் எதிர் மூலையில். பிள்ளை அவளைப் பார்த்துக் கை நீட்டி அழும். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். கணவன் மனைவிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் பிள்ளை கை நீட்டுவதை நிறுத்திவிட்டது. அன்று புஷ்பா சிகிச்சை அறைக்குள் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"போதும்ணே. நாளையிலேர்ந்து வரல. இன்னிக்கும் வேணாம்."

"என்னம்மா ஆச்சு?"

"பிள்ள என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குது. இருக்கற வரைக்கும் அதத் தூக்கி வச்சிருந்துட்டுப் போறேன்."

"தூக்கிக்கயேன். யாரு வேணாம்னா?"

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "எங்க பக்கத்து வீட்டு மல்லிகாக்காவுக்கும் இதே கதிர்தான். கழுத்துக்கு. பிள்ளைங்களக் கிட்டச் சேக்காத, தட்டு தனி, படுக்க தனின்னு தாளுல எழுதியே குடுத்தாங்களாம். எனக்கு நீங்க ஒண்ணும் சொல்லல. சொல்ல மறந்துட்டீங்கன்னு நானே தனியாப் படுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மல்லிகாவுக்கு நடந்தது வேறு. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கக் கொடுத்திருக்கிறார்கள். அவள் தள்ளி இருந்தது சரி. புஷ்பாவுக்கு அந்தத் தடை தேவையே இல்லை. ஆனால் இரண்டையும் 'கதிர்' என்றே சொல்கிறோம். சொல்லப்படாத ஒரு விதியை அவள் இவ்வளவு நாள் தவறாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

வித்தியாசத்தை எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். இங்கேதான் மெலிய விசை வருகிறது. அயோடினின் கருவுக்குள் ஒரு கீழ் குவார்க் மேல் குவார்க்காக மாறுகிறது. அதனால் ஒரு நியூட்ரான் புரோட்டானாகிறது. அப்போது ஓர் எலக்ட்ரானும், நியூட்ரினோ வகையைச் சேர்ந்த பிடிபடாத ஒரு துகளும் வெளியே பறக்கின்றன. கூடவே ஃபோட்டான்களும் கிளம்பும். அவைதான் பக்கத்தில் இருப்பவரை எட்டும். இந்த மாற்றத்தைச் செய்வது மெலிய விசை. தள்ளுவதும் இழுப்பதும்தான் விசை என்று படித்தவன் நான். இது எதையும் தள்ளியதாகவும் இழுத்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது. அதற்கு ஏன் விசை என்று பெயர் என்பது எனக்கு இன்றுவரை மனதில் ஒட்டவில்லை. ஒன்று மட்டும் தெரியும்: அதற்கு சுவிட்ச் கிடையாது. தன் நேரத்துக்குத்தான் அது நடந்து முடியும்.

"மல்லிகாக்கா முழுங்குனது கொசுவத்தி மாதிரிம்மா" என்றேன். "வச்சா எரிஞ்சு தீர்ற வரைக்கும் பொகை வரும். நம்ம நிறுத்த முடியாது. உனக்கு நாங்க குடுக்கறது லைட்டு மாதிரி. சுவிட்ச நிறுத்துனா வெளிச்சம் போச்சு. ரூம்ல தங்குமா?"

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "லைட்ட நிறுத்துனப்புறமும் பல்பு சுடுதே?"

அவள் சும்மாதான் கேட்டாள். ஆனால் அதில் உண்மை இருந்தது. அவளுடைய கட்டி ஆழத்தில் இருந்ததால் அதிக ஆற்றலுள்ள கதிரைப் பயன்படுத்தினோம். அந்த ஆற்றலில் ஃபோட்டான் சில சமயம் ஓர் அணுக்கருவையே இடித்து, ஒரு நியூட்ரானை வெளியே தள்ளிவிடும். இடிபட்ட கரு சிறிது நேரம் கதிரியக்கத்தோடு இருக்கும். இயந்திரத்தின் தலைப்பகுதியில் இது நடப்பதை நாங்கள் அறிவோம். நோயாளியின் உடலில்?

அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் புவான் ரோஹானாவின் அறைக்கு ஓடினேன்.

"புவான், நோயாளியின் உடம்பில் ஒன்றும் தங்காது என்று சொல்லலாமா?"

"பெராப்பா?"

"அதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கணக்குப்படி, ஏதாவது இருந்தாலும் மிக மிகக் குறைவு, அதுவும் சில நிமிடங்களுக்கு. பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இதை உறுதியாகச் சொல்லு, தேவா. 'ஒன்றுமே இல்லை' என்று மட்டும் சொல்லாதே. அளக்காததை இல்லை என்று சொல்லக் கூடாது."

"புவான், அவளுக்கு 'ஒன்றுமே இல்லை' என்ற சொல்தான் வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சையை விட்டுவிடுவாள்."

வழக்கம்போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, கதிரை அளக்கும் மீட்டரை எடுத்தார். "அப்படியானால் அளப்போம்."

அன்றைய சிகிச்சைக்கு மட்டும் புஷ்பாவைச் சம்மதிக்க வைத்தேன். முடிந்து அவள் வெளியே வந்தபோது நடையில் மீட்டரோடு புவான் ரோஹானா நின்றிருந்தார். அவள் இன்னும் தள்ளி நிற்கும்போதே சுவிட்சைப் போட்டார்.

டிக். டிக் டிக்.

"அலமாக்!" என்று புஷ்பா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "கிட்ட வர்றதுக்குள்ளயே கத்துது!"

மீட்டர் எப்போதும் அப்படித்தான் சத்தமிடும் என்பது எங்களுக்கு அவ்வளவு பழக்கம். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. "அது உன்னால இல்லம்மா. எங்கயும் வரும். செவுத்துலேர்ந்து வரும், மண்ணுலேர்ந்து வரும், வானத்துலேர்ந்து வரும்."

"வானத்துலேர்ந்தா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். வானத்திலிருந்து வருவது மியூவான். விண்வெளியிலிருந்து பாயும் துகள்கள் மேலே காற்றில் மோதும்போது உண்டாவது. எலக்ட்ரானுக்குக் குண்டான ஓர் அண்ணன் என்று சொல்லலாம். எதற்காக அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியவில்லை. அதன் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. நியாயப்படி தரைக்கு வருமுன்பே அழிந்திருக்க வேண்டும். அது மிக வேகமாக ஓடுவதால் அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறதாம். அதனால் பிழைத்து வந்து, கூரையைத் துளைத்து, நம்மையும் துளைத்துப் போகிறது. இதை அந்த நடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "மேலேர்ந்து மழ மாதிரி விழுந்துகிட்டே இருக்கு. நம்ம எல்லார் மேலயும்" என்றேன்.

"சரி, வாங்க" என்று புவான் ரோஹானா மலாயில் அழைத்தார். புஷ்பா ஓர் அடி முன்னால் வைத்தாள். டிக்டிக்டிக்டிக் என்று அடுக்காகச் சத்தம் வந்தது.

அவள் பின்னால் துள்ளினாள். "பாத்தீங்களா! பாத்தீங்களா!"

அடுத்த டிக் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சில நேரம் கொத்தாக வரும், சில நேரம் நீண்ட இடைவெளி விடும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும், சரியாக அவள் வந்தபோது ஏன் கொத்தாக வர வேண்டும் என்று மனம் கேட்டது.

புவான் ரோஹானா அசையவில்லை. "ஒரு நிமிடம் எண்ணுவோம். முதலில் யாரும் இல்லாமல். பிறகு அவள்." தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் விலகி நின்றோம். குமரனும் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தான். நான் எண்ணினேன். பிறகு மீட்டரைப் புஷ்பாவின் இடுப்பருகே பிடித்து அதே நேரம் எண்ணினேன். உதட்டை அசைத்து அவளும் எண்ணினாள்.

"ஒண்ணுதான் கூட" என்று அவளே சொன்னாள். முகம் வாடிவிட்டது. "இருக்குல்ல?"

"அந்த ஒன்றுக்கு அர்த்தமே இல்லை" என்றார் புவான் ரோஹானா. "திரும்ப எண்ணினால் குறையலாம், கூடலாம்."

"அர்த்தம் இல்லாததுக்கு எதுக்கு எண்ணுனீங்க?" என்று புஷ்பா என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள், கணவன் கையிலிருந்த பிள்ளையைக் காட்டினாள். "அவனுக்கு வச்சுப் பாருங்க. ஒண்ணுமே இல்லாத ஒடம்புக்கு எப்படி வருதுன்னு பாக்கறேன்."

குமரன் பிள்ளையை நீட்டிப் பிடித்தான். புவான் ரோஹானா மீட்டரை அதன் வயிற்றருகே கொண்டுபோனார். தர்ஷன் கண்ணை அகல விரித்து மீட்டரையே பார்த்தான். நான் எண்ணினேன். புஷ்பா எண்ணினாள். குமரனும் எண்ணினான். நிமிடம் முடிந்தது.

"எவ்வளவுண்ணே?" அவளுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் வர வேண்டும்.

"உன்ன விட மூணு கூட."

மீட்டர் தன்பாட்டுக்கு டிக் என்றது.

"என்ன விட அவனுக்குக் கூடவா?" என்றாள். "அப்ப இத்தன நாளா நான்தான் அவனுக்குப் பயந்து தள்ளி இருந்திருக்கணுமாக்கும்?"

முதலில் சிரித்தவன் குமரன்தான். "வூட்டுல நான்தான்டி நடுவுல மாட்டிக்கிட்டேன். ரெண்டு பக்கமும் கதிரு." அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள். பிள்ளை வரவில்லை. அப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அதன் பார்வை மீட்டரின் மேலேயே இருந்தது. அதைக் கவனித்த புவான் ரோஹானா, யார் கையிலும் கொடுக்காத அந்த மீட்டரைப் புஷ்பாவிடம் கொடுத்தார். டிக் என்றது. பிள்ளை அதைப் பிடிக்கத் தாவியது. மறு கையால் அவள் அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

புவான் ரோஹானா பொறுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்த மூன்றும் தற்செயல்தான், பிள்ளைக்குக் கூடுதல் என்று அவள் நினைத்துவிடக் கூடாது, ஒரு நிமிட எண்ணிக்கை போதாது, எல்லோரையும் இன்னும் நீண்ட நேரம் எண்ணினால்தான் சரியாக இருக்கும், இதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்ல வேண்டும்.

புஷ்பா பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "என்னவாம்ணே? ரொம்ப நீளமாப் பேசுறாங்க."

"நாளைக்கு எட்டரைக்கெல்லாம் வந்துரச் சொல்றாங்க" என்றேன்.

"வரேன்னு சொல்லுங்க."